மூன்றாம் நாளைத் தாண்டியவை

ஏழு வீட்டில் ஒரே நேரத்தில் குக்கர் விசில் அடித்தால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். ஏழு குடும்பத்துக் கருக்கள் ஒரே நேரத்தில் இரண்டு செல்லிலிருந்து நான்கு செல்லாகப் பிரிந்திருந்தன. எட்டிப் பார்க்க இசைவாணியைத் தவிர ஆள் இல்லை.

ஆறரை மணிப் படத்தில் ஏழிலும் இரண்டிரண்டு. ஆறு நாற்பது படத்தில் ஏழிலும் நான்கு நான்கு. நடுவில் மூன்றாக நின்று தடுமாறியது ஒன்றுகூட இல்லை.

அவள் அதைப் பார்த்தபோது இரண்டாம் நாள் காலை ஒன்பதரை. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் கீழே ஜவுளிக்கடை, நடுவில் பல் டாக்டர், அதற்கும் மேலே குழந்தைப்பேறு மையம் என்று அடுக்கிய கட்டிடம். வெளியே கரும்பு டிராக்டர்களும் சேலம் பஸ்களும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகிற வெயில் நேரம். ஆனால் கருவளர்ப்பு அறைக்கு வெயிலும் கிடையாது, நேரமும் கிடையாது. ஜன்னல் இல்லை. கருவுக்கு வெளிச்சம் ஆகாது என்று மங்கலாக ஒரு மஞ்சள் விளக்கு. வாசனையும் ஆகாது என்பதால் பூ, பவுடர், செண்டு, சாம்பிராணி எதுவும் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. மேசை மேல் இன்குபேட்டர் உடம்புச் சூட்டில் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற கேமரா பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துத் திரைக்கு அனுப்பும்.

திரையில் ஏழு கட்டம், கட்டத்துக்குக் கீழே பெயர். சின்னசேலத்து மாவு மில் மருமகள். களமருதூரில் பதினோரு வருடமாகக் கண்ணில் பட்ட கோயில் மரத்திலெல்லாம் தொட்டில் கட்டியவள். வெள்ளிமலையிலிருந்து மலை இறங்கி பஸ் மாறி வரும் டீச்சர். சங்கராபுரம், தச்சூர், கச்சிராயபாளையம். ஏழாவது கட்டத்துக்குக் கீழே: இசைவாணி, வயது முப்பத்தாறு, கணவர் சிவசங்கர், தியாகதுருகம்.

தெருவில் யாருக்கும் தெரியாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்த விஷயம் இது. தெருவுக்கு முதல் ஊசி போட்ட அன்றே தெரியும். ஊருக்கெல்லாம் கரு வளர்த்துக் கொடுக்கிறவளுக்கு ஒன்று தங்கவில்லையாம் என்று பேசிப் பேசித் தெருவுக்கே அலுத்துவிட்டது. இது மூன்றாவது முறை, கடைசி முறையும்கூட. இனிமேல் எடுக்க முட்டை இல்லை என்று டாக்டர் அரங்கநாதன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எடுத்த நான்கில் கருவானது ஒன்று.

மற்ற ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒன்றுதான் ஆகியிருந்தது. அதுவும் அவளுக்கு உறுத்தியது.

"ஏம்மா, ஒண்ணா உழுது ஒண்ணா நட்டா ஒண்ணாத்தான கதிர் வரும்?" என்றார் டாக்டர். ஏழு பேருக்கும் ஒரே நாளில் முட்டை எடுத்து, சேலத்திலிருந்து ஆள் வரவழைத்து, ஒரே மதியத்தில் கருவாக்கியதைச் சொல்கிறார்.

"ஒரே நாள்னா சரி சார். ஒரே நேரம்னா? நம்ம வயல்லகூட ஒரு பாத்திக்கும் அடுத்த பாத்திக்கும் வித்தியாசம் இருக்கும்."

"மூணு மாசமா மூணாம் நாள்ல நின்னுபோவுது நின்னுபோவுதுன்னு உயிர வாங்குன. இப்ப நிக்காம போவுது, அதுக்கும் வாங்குற. உனக்கு இன்னாதாம்மா வேணும்?"

அவளுக்கு என்ன வேண்டும் என்று மூன்று மாதத்தில் நான்கு கடிதம் எழுதியிருக்கிறாள். காற்று வடிகட்டியை மாற்றுங்கள். கரும்பு ஆலைப் புகை உள்ளே வருகிறது. வளர்ப்புத் திரவம் வருகிற வண்டியில் ஐஸ் உருகிவிடுகிறது. டாக்டர் நான்கையும் ஒரே ஃபைலில் போட்டு, 'கை சரியில்லாதவங்கதான் காத்தக் குறை சொல்லுவாங்க' என்று ரங்கம்மாள் சிஸ்டரிடம் சொன்னார். ரங்கம்மாளிடம் சொன்னால் கட்டிடம் முழுக்கச் சொன்னதுதான்.

இவர்களுக்கு மூன்றாம் நாள் என்றால் என்னவென்று புரியவைப்பதற்குள் அவள் தொண்டை வற்றிவிட்டது. தனிக்குடித்தனம் போகிற பெண்ணுக்கு அம்மா கட்டிக்கொடுத்த சோறு இரண்டு நாள் வரும். பிறகு சொந்த அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். கருவும் அப்படித்தான். முதல் இரண்டு நாள் அது தானாக எதுவும் செய்வதில்லை. 'இப்போது பிரி, இப்போது பொறு' என்று தாயின் முட்டை முன்கூட்டியே எழுதிவைத்த செய்திகளை வாசித்து நடக்கிறது. மூன்றாம் நாள் அந்தச் செய்திகள் கரைந்துபோகும். அதுவரை மடித்துவைத்திருந்த தன் சொந்த ஜீன்களைக் கரு ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். திறக்கிற நேரத்தில் கொஞ்சம் தயங்கும். ஆளில்லாத வீட்டில் விளக்கு சுவிட்சைத் தேடுவதுபோல. அந்தத் தயக்கத்தை அவள் எத்தனையோ முறை திரையில் பார்த்திருக்கிறாள். தேடிக் கண்டுபிடித்தவை வளரும். மற்றவை அப்படியே நின்றுவிடும். மூன்று மாதமாக எல்லாமே நின்றன.

மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா வாணிம்மா, முட்டை எடுத்து மூணு நாள்கூட ஆவல. வூட்ல படுத்துக்கினு இருக்காம," என்றாள் ரங்கம்மாள், வரவேற்பு மேசையில் காபியை ஆற்றிக்கொண்டே. "சிவசங்கரு தம்பிக்கு சமைக்காம ஓடியாந்துட்டியா?"

"நீங்க பவுடர் போட்டுக்கினு உள்ள போனீங்களா சிஸ்டர்?"

"போடி இவளே. நான் பவுடர் போட்ட மூஞ்சி மாதிரியா இருக்குது?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. முந்தைய நாளே கதவைத் திறந்ததும் ஏதோ வந்தது. இன்று இன்னும் தெளிவாக. முகமூடியைத் தாண்டி, ஸ்பிரிட் நெடியைத் தாண்டி, விளக்கெண்ணெயில் சுட்டுக் கரித்த வசம்பின் வாசனை; அதற்கு அடியில், துணியில் ஊறிக் காய்ந்து புளித்த தாய்ப்பால். பிரசவமான வீட்டின் உள்ளறையில் வருமே, அந்த மூச்சு. இந்த அறையில் அது வர வழியில்லை. இங்கே எதுவும் பிறப்பதில்லை. அவள் தன் முழங்கையை முகர்ந்தாள், தலைத்தொப்பியைக் கழற்றி முகர்ந்தாள், குனிந்து இன்குபேட்டரின் ரப்பர் விளிம்பருகே மூக்கைக் கொண்டுபோனாள். அங்கேதான் அதிகம்.

நேரடிக் காட்சிப் பொத்தானை அழுத்தினாள். மணி ஆறு முப்பத்தெட்டு.

வெளியே நடைபாதையில் ஈரத் துடைப்பம் தரையில் அறைகிற சத்தம் தொடங்கியது. சாலம்மாள். அறுபது வயதிருக்கும், காலையும் மாலையும் மாடி முழுக்கத் துடைப்பாள். கருவளர்ப்பு அறை வாசலுக்கும் அதை ஒட்டிய கட்டில் அறை வாசலுக்கும் சேர்த்துத் தரையில் போட்ட சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் கால் பட்டதில்லை. துடைக்கும்போது தனக்குத்தானே ஏதாவது முனகிக்கொண்டேயிருப்பாள். சாமி பெயர் என்பார்கள் சிலர், கொஞ்சம் மரை கழன்றது என்பார்கள் மற்றவர்கள். ஏழு பெற்றவள் என்பதால் மையத்தில் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. கரு வைக்க உள்ளே போகிற பெண்களின் மாமியார்கள் அவள் கையால் திருநீறு வைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். ஒருநாளும் வைத்ததில்லை. "என் கை வேணாம்மா" என்று முந்தானையில் கையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். என்ன அடக்கம் பாரு என்று அதற்கும் பாராட்டுவார்கள்.

துடைப்பம் அறைந்தது. முனகல். மௌனம்.

முதல் கட்டத்தில் சின்னசேலத்துக் கரு நடுங்கி, இடுப்பு ஒடுங்கி, நான்கு எட்டாயிற்று.

துடைப்பம். முனகல். மௌனம். இரண்டாவது.

இசைவாணி திரையை நெருங்கிக் குனிந்தாள். நான்கிலிருந்து எட்டாவதற்கு ஒரு கரு மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு செல் முந்தும், ஒன்று பிந்தும். இவை கண்ணெதிரே, கண் இமைக்கும் நேரத்தில். மூன்றாவது. நான்காவது. வகுப்பில் ஆஜர் சொல்கிற பிள்ளைகள்போல இடமிருந்து வலமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி விட்டு. ஐந்து. ஆறு.

ஏழு. அவளுடையது.

தயக்கம் இல்லை. தேடல் இல்லை. அம்மா எழுதிய சீட்டு தீர்ந்துபோகிற இடத்தில் இன்னொரு கை வந்து அடுத்த சீட்டை நீட்டியதுபோல, நிற்காமல் போய்க்கொண்டிருந்தன ஏழும்.

தன் ஜீனைத் திறக்காத கரு யாருடையதை வாசித்துக்கொண்டு வளரும்?

சென்னைக்கு அனுப்பிச் சோதிக்கலாம். அதற்கு ஒன்றைக் கலைக்க வேண்டும். எதை? களமருதூர்க்காரியின் பதினோரு வருடத்தையா? சின்னசேலத்தையா? திரையில் ஏழாவது கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டி, சீராக, புத்தகப் படம்போல. இவ்வளவு அழகான கருவை அவள் பதினான்கு வருடத்தில் பார்த்ததில்லை. மூன்று மாதமாகக் கை சரியில்லை என்று கேட்டுக்கேட்டுக் காய்த்துப்போன நெஞ்சில் அற்பமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொத்தானை அணைத்துவிட்டு, யாருக்கும் எதுவும் எழுதாமல் வெளியே வந்தாள்.

நான்காம் நாள் குளிர்பெட்டியில் வேறு எதையோ தேடும்போது ஒரு சின்னக் குழாய் கையில் பட்டது. அடியில் கொஞ்சம் இளமஞ்சள் தெளிநீர். மேலே ரங்கம்மாளின் கோணல் எழுத்தில் 'சா' என்று மட்டும். முட்டை எடுத்த நாளின் தேதி. அன்று அவள் மயக்க ஊசியில் கிடந்தாள். தட்டுகளில் திரவம் ஊற்றியது டாக்டரும் ரங்கம்மாளும். குழாயை இருந்த இடத்திலேயே வைத்தாள். கேட்டால் பதில் வரும் என்பதுதான் பயம்.

மதியம் சிவசங்கர் போன் செய்தான். "இன்னா நிலவரம்?"

"நல்லாத்தான் போய்க்கினு இருக்குது."

"அப்புறம் ஏன் குரல் இப்டி இருக்குது?"

"நல்லாப் போவுதுல்ல, அதான்."

அவனுக்குப் புரியவில்லை. வைத்துவிட்டான்.

ஐந்தாம் நாள். ஏழும் பெருத்து, நடுவில் நீர் கோத்து, கருப்பைக்குள் வைக்கிற பதத்துக்கு வந்திருந்தன. அதிசயம் என்றார் டாக்டர். நம் ஸ்டாஃபுக்குத்தான் முதலில் என்றார். முதல்முறையாக அவளை 'ராசியான கை' என்றார்.

பத்து மணிக்கு அவள் கட்டிலில் கிடந்தாள். ஸ்கேனில் கருப்பை தெரிய வேண்டுமென்று ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து அடிவயிறு கல்லாய் முட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் பெண்களுக்கு அவளே சிரித்தபடி சொன்ன விதி. விதிப்படி இரண்டு பேர் தட்டின் பெயரைச் சத்தமாகப் படித்தார்கள், முதலில் சேலத்து ஆள், பிறகு ரங்கம்மாள். இசைவாணி, சிவசங்கர். இசைவாணி, சிவசங்கர். மெல்லிய குழாய் உள்ளே போனது. ஸ்கேன் திரையின் கருமையில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கி, தங்கியது.

"ஆச்சு," என்றார் டாக்டர். "இருபது நிமிஷம் படு. நாங்க காபி சாப்ட்டு வந்து அடுத்தவங்களப் பாக்கறோம்."

அவளை உருட்டிக்கொண்டு வந்து விட்ட அறைக்கும் கருவளர்ப்பு அறைக்கும் நடுவே கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் இருட்டில், நேரடிக் காட்சியில் விட்ட திரை. ஆறு கட்டத்தில் ஆறு வட்டங்கள். ஏழாவது கட்டம் காலி.

வசம்பு வாசனை இந்த அறையிலும் இருந்தது. முகமூடி இல்லை இப்போது. தன் போர்வைக்குள்ளிருந்துதான் வருகிறது.

"சிஸ்டர்."

"இன்னாம்மா? மூத்திரம் வருதா? அடக்கிக்கோ."

"ஃபிரிட்ஜ்ல 'சா'ன்னு எழுதி ஒரு ட்யூப் இருக்குதே. அது யாருது?"

ரங்கம்மாள் போர்வையைச் சரிசெய்தாள், சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தாள். "நல்லபடியா ஆயிடுச்சில்ல. வுடு."

"சிஸ்டர்."

"நம்ம சாலம்மா ரத்தந்தான். மிஷின்ல சுத்தவுட்டு, மேல நிக்கற தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்தது. சார்தான் சொன்னாரு, அந்தக் காலத்துல பொம்பளைங்க சீரம், அந்தத் தண்ணியத்தான் கலந்து வளத்தோம்னு. யாரு ரத்தம்னு அவரு கேக்கல. நான்தான், ஏழு பெத்தவளாச்சே, ராசியா இருக்கட்டும்னு ஏழு தட்டுலயும் ரெண்டு ரெண்டு சொட்டு."

"அவங்களக் கேட்டீங்களா?"

"சுகர் டெஸ்ட்டுன்னேன். கேட்டா, வேணாம்னுதான் சொல்லுவா. துண்ணூறுக்கே கையத் தரமாட்டா."

"ஏன் தரமாட்டாங்க?"

"அது அவ குணம்."

"அவங்க பெத்த ஏழு பேரும் இப்ப எங்க இருக்காங்க சிஸ்டர்?"

ரங்கம்மாள் வாயைத் திறந்தாள். கள்ளக்குறிச்சி டவுனில் யார் மருமகள் எந்த மாதம் எந்த டாக்டரைப் பார்த்தாள் என்று கிழமையோடு சொல்லும் வாய் அது. திறந்தபடியே நின்றது.

"அத... யாரும் கேக்கலியே வாணிம்மா," என்றாள். பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டாள்.

வாளி இழுபடுகிற சத்தம். சாலம்மாள் காலையில் வரவில்லை; காய்ச்சல் என்று தாமதமாக வந்திருந்தாள். வாசலோரமாகத் துடைப்பத்தைப் பிழிந்தாள்.

"சாலம்மா." இசைவாணி தலையைத் தூக்கினாள். "உங்க பசங்கள்லாம் எங்க இருக்காங்க?"

கிழவி நிமிர்ந்தாள். அந்தக் கேள்விக்கு முப்பது வருடமாகக் காத்திருந்தவளைப்போல நிதானமாகச் சொன்னாள்.

"எதுவும் மூணாம் நாளத் தாண்டலம்மா. ஏழும். பொறந்த வொடனே பேரு வெச்சிருவேன். போனாலும் கூப்புட ஒரு பேராச்சும் வேணுமே. மொத மூணுக்கு நல்ல பேரு. அப்பறம், நல்ல பேரு வெச்சாதான் எமன் பாக்குறான்னு, கேவலமா மூணு. கடைசிக்கு வெக்கவே இல்ல." துடைப்பத்தைத் தரையில் போட்டாள். "அதான் தெனம் கூப்புட்டுக்கினே தொடைப்பேன். ஒண்ணாச்சும் கேக்காதான்னு."

"இன்னிக்கு வேணாம்," என்றாள் இசைவாணி. "கூப்புடாதீங்க. தயவுசெஞ்சு."

சொன்னதாகத்தான் நினைத்தாள். உதடு மட்டும் அசைந்தது.

ஈரத் துணி தரையில் அறைந்தது.

"கண்ணகி."

கண்ணாடிக்கு அப்பால் முதல் வட்டம் சுருங்கியது. கைவிரல்கள் மூடுவதுபோல. விரிந்தது.

"தமிழ்வேந்தன்."

இரண்டாவது. சுருங்கியது. விரிந்தது.

"விஜயலட்சுமி."

மூன்றாவது. ஒரு கரு சுருங்கி விரிய மணிக்கணக்கு ஆகும். அவள் படித்திருக்கிறாள். ஆயிரம் பார்த்திருக்கிறாள்.

"குப்பாயி."

வாசனை. பால்.

"பிச்சை."

ஐந்து.

"மண்ணாங்கட்டி."

ஆறு. கச்சிராயபாளையத்துக் கரு. சுருங்கி, விரிந்து, மற்ற ஐந்தோடு சேர்ந்து ஒரே தாளத்தில் நின்றது.

சாலம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். காலி கட்டத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியையே பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, தூங்குகிற பிள்ளை புரண்ட சத்தம் கேட்டவளைப்போல, கட்டிலின் பக்கம் திரும்பினாள். போர்வையைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

சிவப்புக் கோடு. தாண்டினாள்.

இசைவாணி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தினாள். ஐந்து நாள் கரு. மணல் துகளைவிடச் சின்னது. தெரியாது. உணர முடியாது. யாராலும்.

கிழவி குனிந்தாள். பெயர் இல்லாததால் பெயர் சொல்லவில்லை.

"வா," என்றாள்.

கைகளுக்கு அடியில், உள்ளே, ஆழத்தில், அது ஒருமுறை சுருங்கியது.

விரிந்தது.